சிறியதற்கும் பெரியதற்கும் நடுவில்

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், மருந்துக் கிடங்குக்கும் சலவை அறைக்கும் நடுவே இருந்த கம்ப்யூட்டர் பிரிவில் மொத்தம் மூன்று நாற்காலிகள். ஒன்றில் பூட்டக்கா உட்காருவாள். இன்னொன்றில் உட்கார்ந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்றாவதற்கு ஒரு கால் இல்லை.

பூட்டக்கா என்பது ஆஸ்பத்திரி அவளுக்கு வைத்த பெயர். யார் எதைக் கேட்டாலும், "அது பாதுகாப்பில்லையே" என்று முதலில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் என்ன ஏது என்று விசாரிப்பாள். கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டி வைத்திருந்த பெரிய டாக்டரிடமே அதைப் பிய்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தவள். வயது நாற்பத்து நான்கு. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மாமியாருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பது, ஊசி போடுவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் முடித்து அவள் வேலைக்கு வந்து சேரும்போதே ஒரு நாள் முழுக்க உழைத்த அலுப்பு வந்துவிடும்.

அவள் பொறுப்பில் இருந்தவற்றில் முக்கியமானது, வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கான பக்கம். எந்த மருந்து எப்போது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சிஸ்டர்கள் தட்டிவிட்டால், அது நோயாளியின் வீட்டார் போனில் ஒரு பக்கமாகத் திறக்கும். எழுத்தை அலங்கரித்துக்கொண்டிருக்க சிஸ்டர்களுக்கு நேரம் ஏது? அதனால் மார்க்டவுன் என்கிற சுலபமான வழி. வரிக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டால் அது பட்டியல் ஆகும். ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து ஆகும். இந்தக் குறிகளைப் பார்த்துப் பக்கத்தைக் கட்டித் தரும் வேலையை, என்றோ யாரோ எழுதிவைத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் நிரல் செய்துகொண்டிருந்தது. செய்துகொண்டிருந்தது என்றால், வந்ததை வந்தபடியே பக்கத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வந்தவன் யார் என்று கேட்காமல் கதவைத் திறந்துவிடும் காவல்காரன் மாதிரி.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் பையைக் கூட இறக்கி வைக்கவில்லை, மேலாளர் வாசலில் நின்றார்.

"டிஸ்சார்ஜ் டெஸ்க்ல சிஸ்டரோட ஸ்கிரீன்ல திடீர்னு ஒரு பெட்டி வந்துச்சாம். 'உங்க கதவு திறந்து கெடக்கு'ன்னு."

"யார் வேலை சார்?"

"ஏழாம் வார்டு நோயாளியோட மருமகன். கம்ப்யூட்டர் வாத்தியாராம். 'சந்தேகம் இருந்தா இங்கே எழுதவும்'னு நோயாளிங்களுக்கு ஒரு கட்டம் இருக்கில்ல, அதுல என்னவோ நிரலை எழுதி அனுப்பியிருக்கார். அப்புறம் அவரே வந்து, 'இதைச் சரி பண்ணிக்குங்க'ன்னு சொல்லிட்டும் போனார். நல்ல மனுஷன். இதே இடத்துல வேற எவனாவது இருந்திருந்தா?"

"ரெண்டு வருஷமா இதைத்தான் சார் நான் சொல்லிட்டிருக்கேன்."

"சரிம்மா, இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது. என்ன பண்ணணும்?"

பூட்டக்கா சொன்னாள். எழுதி வருவதை அப்படியே பக்கத்தில் கொட்டக்கூடாது. முதலில் படித்துப் பிரிக்க வேண்டும்: இது தலைப்பு, இது பட்டியல், இது தொட்டால் வேறு பக்கம் திறக்கும் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் நாமே செய்துவைத்த ஒரு துண்டு இருக்க வேண்டும். அந்தத் துண்டை மட்டும்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். நமக்குத் தெரியாத எதுவாக வந்தாலும் அதை வெறும் எழுத்தாகக் காட்டிவிட வேண்டும். வெறும் எழுத்து யாரையும் கடிக்காது.

"எத்தனை நாள்?"

"மூணு வாரம். வேற எந்த வேலையும் தலையில கட்டாம இருந்தீங்கன்னா."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு டைரக்டர் கேப்பாரும்மா."

"அப்ப அந்தச் சந்தேகக் கட்டத்தை மட்டும் இப்போதைக்கு மூடிடலாம் சார். ஒரு நிமிஷ வேலை."

"அதை ஆரம்பிச்சு வெச்சதே டைரக்டர்தான். வேற வழி பாரு."

மேலாளர் போய்விட்டார். பூட்டக்கா பையை இறக்கி வைத்து, பழைய நிரலைத் திறந்தாள். சிஸ்டர்கள் தட்டுவதும் நோயாளிகள் கேட்டு எழுதுவதும் அது வழியாகத்தான் போகும். விஷமமான நிரல் எல்லாமே பள்ளிக்கூடக் கணக்கில் வரும் 'சிறியது' குறியில் ஆரம்பித்து, 'பெரியது' குறியில் முடியும். ஆகவே சிறியது குறியைக் கண்டால், அங்கிருந்து அடுத்த பெரியது குறி வரைக்கும் உள்ள அனைத்தையும் அறுத்துப் போடு என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அந்தப் பெட்டி வராது. அந்த வரியை வேறு யாராவது எழுதியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். இணைப்பு முகவரிக்குள் ஒளிந்து வருவதை அது தடுக்காது என்றும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் நாலரை மணிக்கு எழுதினாள். மூன்று பக்கங்களைத் திறந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தன. 'இது தற்காலிகம், சீக்கிரம் மாற்று' என்று தனக்கே ஒரு குறிப்பு எழுதிவைத்து வீட்டுக்குப் போனாள்.

தற்காலிகம் என்று வந்த எது ஆஸ்பத்திரியை விட்டுப் போயிருக்கிறது? மறுநாள் எக்ஸ்ரே படங்கள் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் புதிய கட்டடத்துக்குக் கம்ப்யூட்டர் கம்பி இழுத்தார்கள். மாமியாரின் புண்ணில் சீழ் வைத்து இரண்டு நாள் விடுப்பு. குறிப்பு இருபது குறிப்புகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மாடிப்படியில் இறங்கும்போது, இரண்டு வார்டு பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. டிஸ்சார்ஜ் சிஸ்டரைக் கருவி கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்களாம். ஒரு தையல்காரருக்கு எழுதிக் கொடுத்ததில் முக்கியமான ஒரு வரியை விட்டுவிட்டாராம். ஆள் மயக்கம் போட்டு விழுந்து, திரும்ப இங்கேயே படுத்திருக்கிறார்.

"எந்த வரி?" என்று பூட்டக்கா கேட்டாள்.

"சர்க்கரை இறங்கிட்டா ஊசி போடாதேன்னு எழுதணும் இல்லையா, அதைத்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸு. அவங்களே இப்படிப் பண்ணுவாங்கன்னு யாரு கண்டா?"

அந்த வரி என்ன வரி என்று பூட்டக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தினம் காலையில் அவளே பார்க்கும் எண் அது. எழுபதுக்குக் கீழே. எழுபதுக்குக் கீழே என்பதை அவசரத்தில் யார் எழுதினாலும் எப்படி எழுதுவார்கள்?

இறங்கியவள் திரும்பி ஏறினாள். மூச்சு வாங்க உட்கார்ந்து, தையல்காரரின் பக்கத்தைத் திறந்தாள். 'சாப்பிடும் முன் சர்க்கரை 250 இருந்தால் இரண்டு யூனிட் கூட்டவும்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. பிறகு, சிஸ்டர் தட்டியது தட்டியபடியே இருக்கும் தகவல் கிடங்கைத் திறந்தாள். அங்கே இரண்டு வரி.

'சாப்பிடும் முன் சர்க்கரை <70 இருந்தால் ஊசி போட வேண்டாம். இனிப்பு கொடுத்துவிட்டு உடனே கூப்பிடவும்.'

'சாப்பிடும் முன் சர்க்கரை >250 இருந்தால் இரண்டு யூனிட் கூட்டவும்.'

முதல் வரியின் சிறியது குறியிலிருந்து இரண்டாம் வரியின் பெரியது குறி வரை அவள் எழுதிய நிரல் வரி அறுத்துப் போட்டிருந்தது. மிச்சம் இருந்த தலையும் வாலும் ஒட்டிக்கொண்டு, பார்ப்பதற்கு முழு வாக்கியம் போலவே நின்றன. வெட்டிய தடம் கூடத் தெரியவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று அவள் அம்மா சொல்வாள். கொளுத்தியதுகூடத் தெரியாமல் பத்தொன்பது நாள் போயிருக்கிறது.

அந்தக் கிடங்கைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். அந்த நினைப்பு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்ததையும் அவள் கவனித்தாள். பிறகு அறுந்த பக்கத்தையும் கிடங்கில் இருந்த முழு எழுத்தையும் அச்சடித்தாள். யாரையும் கேட்காமல் நோயாளிகளின் சந்தேகக் கட்டத்தை மூடினாள். தான் எழுதிய வரியை அழித்தாள். அது வேறு யார் யார் பக்கத்தை அறுத்திருக்கிறது என்று தேடி எடுத்தாள். அச்சடித்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்காவது தெரியுமா?"

"இப்ப உங்களுக்குத் தெரியும் சார்."

"சிஸ்டம் கோளாறுன்னு எழுதிடலாம். யார் பேரும் வேண்டாம். சிஸ்டரையும் பழைய இடத்துக்கே போட்டுடலாம்."

"சிஸ்டம்னா யார் சார்? அந்த ரூம்ல நான் ஒருத்திதான் உக்காந்திருக்கேன்."

"நான்தாம்மா அவசரப்படுத்தினேன்."

"ஆமா. அதையும் எழுதுங்க. ஆனா எழுதினது என் கை."

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கருவி கழுவும் அறை தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாமல், ஆவி அடிக்கும் ஒரு அறை. டிஸ்சார்ஜ் சிஸ்டர் கையுறையோடு நின்று கத்தரிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பூட்டக்கா சுற்றி வளைக்கவில்லை. தாள்களைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். சிஸ்டர் கையுறையைக் கழற்றாமலே குனிந்து இரண்டையும் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"நான் எழுதியிருக்கேன்" என்றார்.

"எழுதியிருக்கீங்க சிஸ்டர்."

"எழுதினேன்னு எனக்குத் தெரியும். முதல் நாள் கேட்டப்ப அடிச்சுச் சொன்னேன். ரெண்டாம் நாளும் சொன்னேன். நாலு நாள் ஆளாளுக்கு 'எழுதலையே, எழுதலையே'ன்னு சொன்னதும், அஞ்சாவது நாள் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. வயசாகுது, மறந்திருப்போம்னு நினைச்சேன். நேத்து வீட்டுக்காரர்கிட்ட ராஜினாமா பண்ணிடறேன்னு கூடச் சொல்லிட்டேன்."

"தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்கன்னு கேட்க எனக்கு வாய் வரல."

"கேட்காதீங்க. இப்ப என்னால மன்னிக்க முடியாது, பொய் சொல்லவும் முடியாது." சிஸ்டர் கையுறையை உருவிக் கூடையில் போட்டார். "இந்தப் பத்தொன்பது நாள்ல எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருக்காங்க?"

"அறுநூத்தி நாப்பது சொச்சம்."

"அதுல இப்படி அறுந்து போனது?"

"தையல்காரரைத் தவிர முப்பத்தியொண்ணு. இப்பதான் தேடி எடுத்தேன்."

"முப்பத்தியொரு பேருக்கும் போன் பண்ணணும். இன்னைக்கே. நடங்க."

நான்காவது மாடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பூட்டக்கா எண்ணைப் போட்டு, கிடங்கில் இருந்த முழு எழுத்தை எடுத்து வைப்பாள், சிஸ்டர் பேசுவார். பேசுவது சுலபமாக இல்லை. "ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம்" என்றதும் ஒரு அம்மாள், "இப்பதான் உடம்பு தேவலை, மறுபடி எந்த டெஸ்டும் எடுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது முறைதான் காது கொடுத்தாள். ஒருவருக்குக் காய்ச்சல் மாத்திரை எப்போது நிறுத்துவது என்ற வரி போயிருந்தது. அவர் இன்னும் விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையின் பக்கத்தில் எடைக்கேற்ற மருந்து அளவு பாதி காணாமல் போயிருந்தது. தாய்க்குச் சந்தேகம் வந்து பக்கத்து மருந்துக் கடையில் கேட்டுச் சரியாகக் கொடுத்திருந்தாள். "நீங்க கேட்டது நல்லதாப் போச்சும்மா" என்றார் சிஸ்டர். பதினெட்டாவது ஆள் காது மந்தமானவர். அவருக்கு சிஸ்டர் கத்திச் சொன்னது சலவை அறைக்காரர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, "உப்புதானே, குறைச்சுக்கறேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டர் சிரித்தார். பூட்டக்காவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

வேறு யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. முப்பது பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருவருடைய போன் மட்டும் அணைந்தே கிடந்தது. அவர் வீடு சிஸ்டர் போகும் வழியில்தான் இருந்தது. "நேர்ல பார்த்துச் சொல்லிடறேன்" என்று முகவரியை எழுதிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை, போன் கிடைக்காதவரும் நலம் என்று தெரிந்துகொண்டு, பூட்டக்கா மூன்றாவது மாடிக்குப் போனாள். தையல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு முறிந்து, கை முழுக்க மாவுக்கட்டு. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மகள், பேக்கரியில் வேலை செய்பவள், சீருடையோடு இருந்தாள். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள் போல.

பூட்டக்கா தான் யார் என்று சொன்னாள். செய்ததைச் சொன்னாள்.

"அன்னைக்கு அறுபத்தியொண்ணு காட்டுச்சு" என்றாள் மகள். "கம்மியா இருக்கேன்னு எனக்கே தோணுச்சு. அந்தப் பக்கத்தைத் திறந்து ரெண்டு தடவ படிச்சேன். அப்பா கேட்டார், 'கம்மியா இருந்தா என்ன செய்யணும்னு எழுதலையாம்மா'ன்னு. 'எழுதலப்பா, எழுதலன்னா வழக்கம் போலன்னுதான் அர்த்தம்'னு சொல்லி நான்தான் ஊசியைப் போட்டேன்."

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க. எழுதியிருந்ததைக் காட்டாம விட்டது நாங்க. நான்."

"இந்த ஒரு வாரமா நான் சோறு திங்கல, தெரியுமா? பெத்த அப்பனைக் கொல்லப் பார்த்தேன்னு என் அத்தை மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க."

"அவங்க நம்பர் கொடுங்க. நானே பேசறேன்" என்றாள் பூட்டக்கா.

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, எண்ணைப் போட்டு, நீட்டினாள். அந்த அத்தை பத்து நிமிடம் பேசினாள். பூட்டக்கா வராந்தாவில் சுவரோரமாக நின்று, "ஆமாங்க", "என் தப்புதாங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது போன் சுட்டது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. மேலாளர், ஆச்சரியம்தான், தான் அவசரப்படுத்தியதையும் எழுதியிருந்தார். சிஸ்டருக்குக் கொடுத்த நோட்டீஸை ஒரே வரிக் கடிதத்தில் திரும்பப் பெற்றார்கள். வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. பூட்டக்காவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கூடவே மூன்று வாரம் வேறு வேலை இல்லாமல் கேட்டாள். இந்த முறை கொடுத்தார்கள்.

அந்த மூன்று வாரத்தில் பழைய நிரலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். முன்பு சொன்னதைத்தான் செய்தாள். தலைப்புக்கு ஒரு துண்டு, பட்டியலுக்கு ஒன்று, தடித்த எழுத்துக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று. இணைப்பு என்றால் பாதுகாப்பான முகவரியோ தொலைபேசி எண்ணோ மட்டும். மற்றதெல்லாம், கல்லோ மண்ணோ, எழுதியவர் எழுதியபடி எழுத்தாகவே நிற்க வேண்டும். ஒரு புள்ளிகூடக் குறையக்கூடாது. மூடிய சந்தேகக் கட்டத்தை அதற்கப்புறம்தான் திறக்க விட்டாள். சோதித்துப் பார்க்க சிஸ்டர்தான் வந்தார், யாரும் கூப்பிடாமலே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து, வாயில் ஒரு கவளமும் கீபோர்டில் ஒரு விரலுமாக, கண்டதையும் தட்டிப் பார்ப்பார். அந்த வாத்தியார் அனுப்பிய நிரலைக்கூட வாங்கிப் போட்டுப் பார்த்தார். அது பாம்பு மாதிரி சீறாமல், கயிறு மாதிரி வெறும் எழுத்தாகக் கிடந்தது.

"இதுக்கு மூணு வாரமா?" என்றார் சிஸ்டர்.

"இதுக்குத்தான் சிஸ்டர்."

"முன்னாடியே கொடுத்திருக்கலாம்."

"கொடுத்திருக்கலாம்."

சிஸ்டர் தன் டப்பாவை அவள் பக்கம் தள்ளி, "எடுத்துக்குங்க, நீங்க கொண்டு வரல போல" என்றார்.

தையல்காரருக்கு மாவுக்கட்டைப் பிரித்த நாளில், பூட்டக்கா டிஸ்சார்ஜ் டெஸ்க் பக்கம் ஒரு கம்பி மாற்ற வந்திருந்தாள். அவர் மெலிந்து போன மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் பாதிதான் மடங்கின. கத்தரிக்கோல் பிடிக்க இன்னும் ஆறு மாதம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். சிஸ்டர் புதிய பக்கத்தில் எல்லாவற்றையும் தட்டி, மகளின் போனில் திறந்து காட்டினார். இரண்டு வரியும் இருந்தன, குறிகளோடு.

மகள் அதைப் படித்தாள். பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்களேன். உங்க கையால."

சிஸ்டர் நிமிர்ந்து பூட்டக்காவைப் பார்த்தார். எல்லாம் சரி செய்தாயிற்று, இனிமேல் அப்படி ஆகாது, முப்பத்தியொரு பக்கங்களையும் திறந்து பார்த்தாயிற்று என்று சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது.

"எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் ஒரு தாளை எடுத்து, நின்று நிதானமாக, பெரிய எழுத்தில் எழுதினார். சிறியது குறி போடவில்லை. 'எழுபதுக்குக் கீழே' என்றே எழுதினார். எழுதி முடித்து, மகளிடம் கொடுப்பதற்கு முன்னால், பூட்டக்காவிடம் நீட்டினார். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்துப் படித்துவிட்டுக் கொடுத்தாள். மகள் நான்காக மடித்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்தாள்.

அவர்கள் வாசலைத் தாண்டும் வரை பார்த்துவிட்டு, பூட்டக்கா கம்பியை மாட்டி முடித்தாள். லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. நான்கு மாடியையும், ஒவ்வொரு மாடியிலும் ஒரு முறை நின்று மூச்சு வாங்கி, ஏறிப் போனாள்.